நுகர்வு வரிகளும் அரச செலவினமும்: வாழ்க்கைச் செலவின் சுமை யார் தலையில்?

இந்நாட்டில் வருமான வரி செலுத்துவோர் மிகச் சிறு தொகையினரே என்று அடிக்கடி கூறப்படுகிறது. இதனைக் கேட்பவர்களுக்கு, பெரும்பான்மையான மக்கள் அரசுக்கு எதனையும் கொடுக்காது இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் பெற்றுக்கொண்டு வாழ்கின்றனர் என்ற எண்ணமே தோன்றும். உண்மை நிலைமை இதற்கு நேர்மாறானது. சவர்க்காரக் கட்டியொன்றை வாங்குபவரும், கைத்தொலைபேசிக்கு மீள்நிரப்பு அட்டை போடுபவரும், சமையல் எரிவாயுச் சிலிண்டரை மாற்றுபவரும் அந்தந்தக் கணத்திலேயே வரி செலுத்தி விடுகின்றனர். அவர்கள் வரிப் படிவம் எதனையும் நிரப்புவதில்லை. தாம் வரி செலுத்துவதாக உணர்வதும் இல்லை. ஆனால் திறைசேரியை நிரப்புவதில் அவர்களது பங்கே பெரிது.

வாழ்க்கைச் செலவு உயர்வு பற்றிப் பேசும்போது வியாபாரிகளின் கொள்ளை இலாபம், உலகச் சந்தை விலை, டொலரின் பெறுமதி ஆகியன பற்றியே பெரும்பாலும் விவாதிக்கப்படுகிறது. அவை யாவும் காரணங்கள் தாம். எனினும் பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும் வரியையும், அந்த வரியை அவசியமாக்கும் அரச செலவினத்தையும் விளங்கிக் கொள்ளாமல் இப்பிரச்சினையை முழுமையாக நோக்க முடியாது. அந்த விளக்கத்தை இயன்றவரை எளிமையாக இங்கு தர முயல்கிறோம்.

நேர் வரியும் மறைமுக வரியும்

ஒருவரின் வருமானத்தின் மீதோ, ஒரு நிறுவனத்தின் இலாபத்தின் மீதோ விதிக்கப்படுவது நேர் வரி. வருமானம் கூடினால் வரி வீதமும் கூடும். வருமானம் குறைந்தவர் விலக்குப் பெறுவார். பொருட்கள், சேவைகள் மீது விதிக்கப்பட்டு விலையோடு சேர்த்து அறவிடப்படுவது மறைமுக வரி. பெறுமதி சேர் வரி, சுங்கத் தீர்வை, மதுவரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, செஸ் வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி ஆகியன இவ்வகையின. கோடீஸ்வரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் இங்கு வேறுபாடு இல்லை. ஒரே பொருளுக்கு இருவரும் ஒரே வரியையே செலுத்துகின்றனர்.

இலங்கையின் வரி வருமானத்தில் நீண்ட காலமாக ஏறத்தாழ 80 சதவீதம் மறைமுக வரிகளிலிருந்தும் 20 சதவீதம் மட்டுமே நேர் வரிகளிலிருந்தும் கிடைத்து வந்தது. அண்மைய ஆண்டுகளில் இந்த விகிதத்தில் ஓரளவு மாற்றம் ஏற்பட்டுள்ள போதிலும், பாரத்தின் பெரும்பகுதி இன்றும் நுகர்வோரின் தோளிலேயே உள்ளது. வசதி படைத்தோரிடமிருந்து நேரடியாக வசூலிப்பது கடினம். அவர்களிடம் கணக்காளரும் உண்டு, சட்டத்தரணியும் உண்டு, அரசியல் செல்வாக்கும் உண்டு. துறைமுகத்தில் வந்திறங்கும் பருப்பு மூட்டைக்கோ பெற்றோல் தாங்கிக்கோ இவை எதுவும் இல்லை. அதனால் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இலகுவான வழியையே தேடிச் சென்றது.

கடந்து வந்த பாதை

வரியும் விலையும் இந்நாட்டின் அரசியலைப் பலமுறை உலுக்கியுள்ளன. 1848 இல் ஆளுநர் டொரிங்டனின் காலத்தில் நாய்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் கடைகளுக்கும் விதிக்கப்பட்ட வரிகள் மாத்தளைக் கிளர்ச்சிக்கு வித்திட்டன. சுதந்திரத்தின் பின்னர், 1953 இல் கொத்தொன்று 25 சதமாக இருந்த பங்கீட்டு அரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலை மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களின் பின் பதவி துறந்தார். மானியத்தைக் குறைப்பதும் வரியை உயர்த்துவதும் நுகர்வோரைப் பொறுத்தவரை ஒன்றே என்பதை அன்றைய மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இதற்கு மாறான பரிசோதனையொன்றும் இங்கு நடந்தது. பிரித்தானியப் பொருளியலாளர் நிக்கலஸ் கல்டோரின் ஆலோசனையைத் தழுவி, 1950களின் இறுதியில் செலவின வரி என்றொரு வரி அறிமுகப்படுத்தப்பட்டது. ஆடம்பரமாகச் செலவு செய்பவரிடம் அவரது மொத்தச் செலவைக் கணக்கிட்டு, செலவு கூடக் கூட அதிக வீதத்தில் வரி அறவிடுவதே அதன் நோக்கம். நுகர்வின் மீதான வரி என்றால் அது ஏழையைத் தான் தாக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் நிர்வகிப்பதற்குக் கடினமானது என்ற காரணத்தால் சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது.

பின்னர் புரள்வு வரி கோலோச்சியது. யுத்தம் தீவிரமடைந்த 1990களில் தேசிய பாதுகாப்பு வரி அதனோடு சேர்ந்து கொண்டது. 1998 ஏப்ரலில் புரள்வு வரிக்குப் பதிலாக 12.5 சதவீதப் பொருட்கள் சேவைகள் வரி வந்தது. 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அவ்வாண்டு ஓகஸ்ட் முதல் பெறுமதி சேர் வரி நடைமுறைக்கு வந்து, பொருட்கள் சேவைகள் வரியையும் தேசிய பாதுகாப்பு வரியையும் தன்னுள் அடக்கிக் கொண்டது. யுத்தத்திற்கென விதிக்கப்பட்ட வரி பெயர் மாறி நிரந்தரமாகி விட்டது என்றே இதனைக் கூற வேண்டும். 2009 இல் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி என்ற புதிய பெயரில் இன்னொரு வரி புகுந்தது. அது 2019 இறுதி வரை நீடித்தது.

பெறுமதி சேர் வரியின் வீதம் அரசியல் காலநிலைக்கேற்ப ஏறி இறங்கியது. 10, 20 என்ற இரு வீதங்களோடு தொடங்கிய வரி 2004 இல் 15 சதவீத ஒற்றை வீதமாகியது. பின்னர் மீண்டும் பல வீதங்களாகப் பிரிந்து, 2011 இல் 12 ஆகவும் 2015 இல் 11 ஆகவும் குறைந்தது. 2016 மே மாதத்தில் உரிய சட்டம் நிறைவேற்றப்படுவதற்கு முன்னரே 15 சதவீதமாக அறவிடத் தொடங்கப்பட்டு, ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கு உள்ளானது. பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறிய பின் அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் 15 சதவீதமாகியது. 2019 டிசெம்பரில் ஒரே அடியாக 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என அடுத்தடுத்து உயர்த்தப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் 8 இலிருந்து 18 க்குப் பாய்ந்த வரியின் கீழ் ஒரு குடும்பம் தனது வரவு செலவை எவ்வாறு திட்டமிடுவது?

விலைக்குள் வரி புகும் விதம்

பெறுமதி சேர் வரி உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் கூடும் பெறுமதிக்கு மட்டும் விதிக்கப்படுவது. ஓர் உதாரணத்தை நோக்குவோம். துணி ஆலையொன்று 1,000 ரூபா பெறுமதியான துணியை 180 ரூபா வரியுடன் மொத்த வியாபாரிக்கு விற்கிறது. மொத்த வியாபாரி அதனை 1,500 ரூபாவுக்கு 270 ரூபா வரி சேர்த்து விற்கிறார். தாம் ஏற்கனவே செலுத்திய 180 ரூபாவைக் கழித்துக்கொண்டு 90 ரூபாவை மட்டும் அரசுக்குச் செலுத்துகிறார். சில்லறை வியாபாரி 2,000 ரூபாவுக்கு 360 ரூபா வரியுடன் விற்று, 270 ரூபாவைக் கழித்து 90 ரூபாவைச் செலுத்துகிறார். அரசுக்குக் கிடைத்த மொத்தம் 360 ரூபா. ஆலையும் இரு வியாபாரிகளும் தாம் செலுத்தியதைத் திரும்பப் பெற்றுக் கொண்டனர். துணியை வாங்கியவருக்கு அந்த வரியை மாற்றி விட வேறு எவரும் இல்லை. 360 ரூபாவும் அவருடையதே.

பதிவு செய்யப்பட்ட பெரிய நிறுவனங்களுக்கே இக்கழிவு உண்டு. 2024 ஜனவரியில் ஆண்டுக்கு 6 கோடி ரூபா புரள்வு என்பது பதிவுக்கான எல்லையாக்கப்பட்டது. எனவே தெருமுனையிலுள்ள பலசரக்குக் கடைக்காரர் பற்றுச்சீட்டில் வரி என்று எதனையும் குறிப்பிடுவதில்லை. ஆனால் அவர் கொள்வனவு செய்த பொருளில் வரி ஏற்கனவே அடங்கியுள்ளது. அதனைக் கழித்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. விலையிலேயே சேர்த்து விடுகிறார். “எங்கள் கடையில் வற் இல்லை” என்பதன் பொருள், வரி கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மட்டுமே.

வரி விலக்கு என்ற சொல்லும் இவ்வாறே ஏமாற்றக்கூடியது. பொதுப் போக்குவரத்துக் கட்டணத்துக்குப் பெறுமதி சேர் வரி கிடையாது. ஆனால் 2024 ஜனவரி முதல் டீசலும் பெற்றோலும் சமையல் எரிவாயுவும் இவ்வரிக்குள் கொண்டு வரப்பட்டன. பஸ் உரிமையாளர் டீசலுக்கும் டயருக்கும் உதிரிப்பாகங்களுக்கும் வரி செலுத்துகிறார். பயணச்சீட்டு விலக்களிக்கப்பட்டது என்பதால் அந்த வரியை அவரால் கழித்துக்கொள்ள முடியாது. முடிவில் அது கட்டணத்தில் ஏறுகிறது. ஏற்றுமதியாளருக்கு அளிக்கப்படும் பூச்சிய வீதம் இதிலிருந்து வேறுபட்டது. அவர் தமது உள்ளீடுகளுக்குச் செலுத்திய வரியைத் திரும்பப் பெறும் உரித்துடையவர். ஏழையின் பஸ் கட்டணத்துக்கு அந்த உரித்து இல்லை.

இவற்றுக்கு மேலாக 2022 ஒக்டோபரில் 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வந்தது. இதில் ஒரு படியில் செலுத்தியதை அடுத்த படியில் கழிக்க முடியாது. இறக்குமதியாளர், உற்பத்தியாளர், விற்பனையாளர் என ஒவ்வொருவரும் செலுத்துவது விலையோடு விலையாகத் திரண்டு, வரியின் மேல் வரியாகி விடுகிறது. பெயரில் சமூகப் பாதுகாப்பு உண்டு. பாதுகாக்கப்பட வேண்டியவரும் அதனைச் செலுத்துகிறார்.

ஏழைக்கு அதிகம், செல்வந்தருக்குக் குறைவு

மாதம் 60,000 ரூபா வருமானம் பெறும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வருமானம் முழுவதும் செலவாகிவிடும் அக்குடும்பம், வரிக்குட்பட்ட பொருட்களையும் சேவைகளையும் 25,000 ரூபாவுக்குப் பெறுகிறது எனின், 18 சதவீதப்படி 4,500 ரூபா வரி செலுத்துகிறது. அது வருமானத்தின் 7.5 சதவீதம். மாதம் 6 இலட்சம் ரூபா பெறும் இன்னொரு குடும்பம் 1,50,000 ரூபாவுக்கு அத்தகைய பொருட்களை வாங்கி 27,000 ரூபா வரி செலுத்துகிறது. தொகை பெரிது தான். ஆனால் அது வருமானத்தின் 4.5 சதவீதம் மட்டுமே. எஞ்சியது வங்கியிலும் காணியிலும் முதலீடாகிறது. சேமிக்க முடிந்தவருக்கு வரி குறைகிறது. சேமிக்க முடியாதவருக்குக் கூடுகிறது.

அரிசி, பாண், மருந்து, கல்விச் சேவை போன்றவற்றுக்கு அளிக்கப்படும் விலக்கு இந்த அநீதியை ஓரளவு தணிக்கிறது. முற்றாக நீக்குவதில்லை. பெருந்தோட்டத் துறையில் ஒரு குடும்பத்தின் செலவில் அரைப்பங்கை அண்மித்த தொகை உணவுக்கே போய்விடுகிறது. உணவு தவிர்ந்த மீதியில் சவர்க்காரம், உடுபுடவை, பாடசாலை உபகரணங்கள், எரிபொருள் யாவும் வரி தாங்கியவை. 2021 இல் நாளொன்றுக்கு 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் சம்பளம், அதன் பின் நாட்டையே புரட்டிப் போட்ட விலையேற்றத்தைக் கடந்து 2024 செப்டெம்பரில் தான் 1,350 ரூபாவாகியது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத்திட்டம் ஊக்குவிப்புக் கொடுப்பனவுடன் அதனை 1,750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மக்கள் இழந்த கொள்வனவுச் சக்திக்கு எவரும் ஈடு செய்யவில்லை.

வரி குறைந்தால் விலை குறையுமா?

வரி உயரும் போது மறுநாளே விலை உயர்கிறது. வரி குறையும் போது அதே வேகத்தில் விலை குறைவதில்லை. இதற்குச் சீனியை விடச் சிறந்த சான்று இல்லை. 2007 ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், அத்தியாவசிய உணவுப் பொருட்கள் சிலவற்றுக்குப் பல்வேறு வரிகளுக்குப் பதிலாக ஒரே அறவீட்டை வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி கிலோகிராம் ஒன்றுக்கான அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கிலோவுக்கு ஏறத்தாழ 50 ரூபா நுகர்வோருக்குக் குறைந்திருக்க வேண்டும். அவ்வாறு குறையவில்லை. அரசு இழந்த வருமானம் ஆயிரம் கோடி ரூபாவுக்கும் அதிகம் என மதிப்பிடப்பட்டது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி சீனியை இருப்பில் வைத்திருந்த இறக்குமதியாளரின் கைகளிலேயே தங்கி விட்டது என்ற குற்றச்சாட்டு பாராளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்தது. 2023 நவம்பரில் அதே அறவீடு மீண்டும் 50 ரூபாவாக்கப்பட்ட போது விலை உடனடியாகவே ஏறியது.

பொதுவான வரிக் குறைப்பின் கதையும் இதுவே. 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டதோடு, பதிவுக்கான எல்லை ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. உழைக்கும் போது செலுத்தும் வரியும் கைவிடப்பட்டது. 2019 இல் ஏறத்தாழ 44,300 கோடி ரூபாவாக இருந்த பெறுமதி சேர் வரி வருமானம் 2020 இல் ஏறத்தாழ 23,400 கோடி ரூபாவாக வீழ்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இதில் பங்கு வகித்தன என்பது உண்மை. எனினும் வருமானத்தின் அத்திவாரத்தை அரசு தன் கையாலேயே தகர்த்தது என்பதை மறுக்க முடியாது. 2021 இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 8.3 சதவீதமாகச் சுருங்கியது. 1990களின் தொடக்கத்தில் அது 20 சதவீதத்தை அண்மித்திருந்தது.

பணம் போகும் வழி

வரி கசப்பாக இருப்பினும் அது பாடசாலையாகவும் மருந்தாகவும் பாதையாகவும் திரும்பி வருமாயின் மக்கள் பொறுத்துக் கொள்வர். நமது அவலம், திரும்பி வருவது மிகச் சிறிதாக இருப்பதே. 2021 இல் அரசு ஈட்டிய ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70 ரூபாவுக்கு மேல் கடனுக்கான வட்டிக்கே சென்றது. வருமானம் பெருகிய 2024 இலும் மூன்றில் இரண்டு பங்கை அண்மித்த தொகை வட்டியாகக் கரைந்தது. அரச ஊழியரின் சம்பளமும் ஓய்வூதியமும் அடுத்த பெரும் செலவுகள். இவை மூன்றையும் செலுத்திய பின்னர் எஞ்சுவதில் அபிவிருத்திக்கு என்ன செய்ய முடியும்?

வட்டி செலுத்தப்படும் அக்கடன்கள் ஏன் பெறப்பட்டன என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. மூன்று தசாப்த கால யுத்தம் பெரும் தொகையை விழுங்கியது. யுத்தம் முடிந்த பின்னரும் பாதுகாப்புச் செலவினம் வரவு செலவுத்திட்டத்தின் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்றாகவே தொடர்ந்தது. 2 இலட்சத்துக்கு மேற்பட்டதாக இருந்த இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியை 2030 ஆம் ஆண்டளவில் 1 இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் தான் அறிவிக்கப்பட்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகமும் மத்தள விமான நிலையமும் தமது கடனை அடைக்கும் அளவுக்கு வருமானம் ஈட்டவில்லை. மின்சார சபை, பெற்றோலியக் கூட்டுத்தாபனம், தேசிய விமான சேவை ஆகியவற்றின் நட்டங்கள் அரச வங்கிகளினதும் திறைசேரியினதும் தலையில் விழுந்தன. 2007 ஜனவரியில் அமைச்சர்கள், பிரதியமைச்சர்கள் என நூறுக்கும் மேற்பட்டோர் பதவி வகித்த காலத்தையும் இந்நாடு கண்டது. ஒவ்வொருவருக்கும் வாகனம், எரிபொருள், அலுவலகம், பாதுகாப்பு. இத்தொகை மொத்தச் செலவில் சிறியதாக இருக்கலாம். ஆனால் வயிற்றைக் கட்டும்படி மக்களிடம் கேட்கும் தார்மீக உரிமையை அது ஆட்சியாளரிடமிருந்து பறித்து விடுகிறது.

வரவுக்கு மேல் செலவு செய்யும் அரசு, கடனும் கிடைக்காத போது மத்திய வங்கியிடம் கை நீட்டியது. புதிதாக அச்சிடப்பட்ட பணம் பொருட்களின் தொகையைக் கூட்டவில்லை, விலையையே கூட்டியது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சூழ்ந்திருந்த டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தையும் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் தொட்டன. எந்தப் பாராளுமன்றமும் நிறைவேற்றாத, எந்த வர்த்தமானியிலும் வெளிவராத மிகக் கொடிய வரி இதுவே. சேமலாப நிதியில் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த தொழிலாளியின் பணத்தின் பெறுமதி சில மாதங்களில் பாதியானது.

விலை இறங்கவில்லை

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டொலர் கடனுதவிக்கு அங்கீகாரம் அளித்த பின்னர் பணவீக்கம் விரைவாகத் தணிந்தது. 2024 செப்டெம்பரிலிருந்து 2025 ஜூலை வரை அது பூச்சியத்துக்கும் கீழே இருந்தது. இதனை வைத்து வாழ்க்கைச் செலவுப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கூறுவோர் உளர். பணவீக்கம் குறைவது என்றால் விலை உயரும் வேகம் குறைவது என்பதே பொருள். மாடிக்கு ஏறியவர் ஒரு படி இறங்கியதால் தரைக்கு வந்துவிட்டார் என்று கூற முடியாது. சம்பளம் தரையிலேயே நிற்க, விலை மேல் மாடியிலேயே நிற்கிறது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2021 இல் 13.1 சதவீதமாக இருந்த வறுமை 2022 இல் 25 சதவீதமாகியது. அதன் பின்னரும் அம்மட்டத்தை அண்டியே நிலைத்தது.

வடக்கு, கிழக்கு மக்களுக்கு விலையேற்றம் புதிதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அவர்கள் கொடுத்த விலையைத் தென்னிலங்கை அறியாது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட போது யாழ்ப்பாணத்தில் அத்தியாவசியப் பொருட்களின் விலைகள் பன்மடங்காகின. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதி வாழ்வு வாழ்ந்த முஸ்லிம் மக்களும், இடம்பெயர்ந்து முகாம்களில் முடங்கிய தமிழ் மக்களும் தாம் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் தேசிய பாதுகாப்பு வரியைச் செலுத்தியே வாழ்ந்தனர். இன்றும் டீசலுக்கான வரி மன்னார், கல்முனை மீனவரின் படகிலும், கிளிநொச்சி, அக்கரைப்பற்று விவசாயியின் உழவு இயந்திரத்திலும் ஏறுகிறது. உற்பத்தி செய்யும் போதும் நுகரும் போதும் வரி செலுத்தும் இம்மக்கள், தமது பிரதேசத்துக்குக் கிடைக்கும் ஒதுக்கீடு எவ்வளவு என்று கேட்பது நியாயமானதே.

செய்யப்பட வேண்டியவை

வரியே வேண்டாம் என்பது எமது வாதமன்று. 2019 இன் வரிக் குறைப்பு 2022 இன் வரிசைகளாக முடிந்ததை நாம் கண்டுள்ளோம். யாரிடம், எவ்வளவு, எதற்காக என்பதே கேள்வி.

முதலாவதாக, நேர் வரியின் பங்கு உயர வேண்டும். மாதச் சம்பளம் பெறுபவரிடம் சம்பளம் கைக்கு வருமுன்னரே வரி கழிக்கப்படுகிறது. பெரும் வைத்தியசாலைகளிலும் வர்த்தகத்திலும் காணி விற்பனையிலும் புழங்கும் பணத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும். பாரிய முதலீடுகள் என்ற பெயரில் வழங்கப்படும் வரிச் சலுகைகளால் அரசு இழப்பது எவ்வளவு, அதனால் நாடு பெற்றது எவ்வளவு என்பதை ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத்திட்டத்தோடு மக்கள் முன் வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, நுகர்வு வரியால் ஏழைகள் இழப்பதை நிவாரணமாக அவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும திட்டத்தில், மிகவும் வறிய குடும்பத்துக்கான 15,000 ரூபா கொடுப்பனவு 2025 ஜனவரியில் 17,500 ரூபாவாக்கப்பட்டது. இத்தகைய உயர்வு அமைச்சரின் தயவிலோ தேர்தல் காலத்திலோ தங்கியிராது, விலைச் சுட்டெண்ணோடு சட்டப்படி பிணைக்கப்பட வேண்டும். தகுதியிருந்தும் பட்டியலில் இடம்பெறாதோரின் மேன்முறையீடுகளை அவரவர் மொழியில் விசாரித்து முடிவளிப்பது பிரதேச செயலகங்களின் கடமையாகும்.

மூன்றாவதாக, வரி குறைக்கப்படும் போது அதன் பயன் நுகர்வோரைச் சென்றடைவதை உறுதிப்படுத்த வேண்டும். 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, சில்லறைக் கடைகளில் விலைப் பட்டியலைப் பரிசோதிப்பதோடு நின்றுவிடாது, மொத்த இறக்குமதியாளரின் இருப்பையும் கணக்கையும் பரிசோதிக்க வேண்டும்.

நான்காவதாக, செலவினத்துக்குக் கடிவாளம் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் வரவு செலவுத்திட்டப் பற்றாக்குறையை 2006 இல் 5 சதவீதமாக்க இலக்கு வைத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. எவரும் பொறுப்புக் கூறவும் இல்லை. 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி தவிர்ந்த செலவினத்தை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்துக்குள் மட்டுப்படுத்துகிறது. 2023 ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுக்கும் வழியை அடைத்துள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் எல்லை என்று வரும் போது முதலில் வெட்டப்படுவது கிராமத்து வைத்தியசாலையின் மருந்தாகவும் தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் வெற்றிடமாகவும் இருந்தால், சட்டம் நிறைவேறும், நீதி நிறைவேறாது.

அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை, அரச நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் ஒப்படைத்துள்ளது. பாராளுமன்றத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கப்படலாகாது என்பதும் அதன் ஏற்பாடாகும். நடைமுறையில் நள்ளிரவு வர்த்தமானிகளே விலையைத் தீர்மானித்து வந்துள்ளன. உறுப்பினர்கள் மறுநாள் பத்திரிகையில் படித்தே அறிந்து கொண்டனர். தமிழ், முஸ்லிம், மலையகப் பிரதிநிதிகள் தமது சமூகங்களின் அரசியல் உரிமைகளுக்காகக் குரல் கொடுப்பது போன்றே, வரவு செலவுத்திட்ட விவாதத்திலும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவிலும் ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குக் கேட்க வேண்டும். வாக்காளரும் அதனை அவர்களிடம் கேட்க வேண்டும். அன்றாடங்காய்ச்சியான தொழிலாளியும் இந்நாட்டின் வரி செலுத்துநரே. அவ்வாறு கேட்பது அவரது உரிமை. பதிலளிப்பது ஆட்சியாளரின் கடமை.